பிடிவாதத்துக்கு ஆங்கிலம் வைத்த பெயர்கள்

பீட்டர் மார்க் ரோஜே என்ற மருத்துவர் 1852இல் லண்டனில் வெளியிட்ட 'தெசாரஸ்' என்னும் சொற்களஞ்சியம், ஆங்கிலச் சொற்களை அகரவரிசையில் அடுக்காமல் பொருள்வாரியாக ஆயிரம் தலைப்புகளில் பிரித்துவைத்தது. அதில் 604ஆவது தலைப்பு மனவுறுதி. 606ஆவது தலைப்பு பிடிவாதம். இடையில் உள்ள 605, முடிவெடுக்க முடியாத ஊசலாட்டத்துக்கு உரியது. பாராட்டப்படும் உறுதிக்கும் பழிக்கப்படும் பிடிவாதத்துக்கும் ரோஜே தனித்தனி இடம் கொடுத்தார் என்றாலும், இரண்டையும் பக்கத்துப் பக்கத்திலேதான் வைக்க முடிந்தது.

பிடிவாதக்காரரையும் தன் கருத்தே முடிந்த முடிவு என்று பேசுபவரையும் குறிக்க ஆங்கிலத்தில் உள்ள சொற்கள் மிகப் பல. அவற்றுள் பெரும்பாலானவை மனித குணத்தை ஆற அமர ஆராய்ந்தவர்கள் உருவாக்கியவை அல்ல. திருச்சபை விசாரணை, தொழுவம், பாராளுமன்றம், போர்க்களம், பத்திரிகை அலுவலகம் ஆகிய இடங்களில் ஒரு தரப்பு மறுதரப்பின்மீது வீசிய பெயர்கள் அவை. எனவே இந்தச் சொற்களின் வரலாறு இங்கிலாந்தில் நடந்த சண்டைகளின் வரலாறாகவும் இருக்கிறது.

திருச்சபையின் சொற்கள்

இன்று மிகப் பரவலாக வழங்கும் 'ஸ்டப்பர்ன்' என்ற சொல் 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்திலேயே காணப்படுகிறது. அதன் வேர் எது என்று அகராதியாளர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சாசரின் 'கேன்டர்பரி கதைகள்' நூலில், ஐந்து கணவர்களைக் கண்ட பாத் நகரத்துப் பெண் தன்னைத்தானே அந்தச் சொல்லால் பெருமையாக வருணித்துக்கொள்கிறாள்.

அதே நூற்றாண்டில் லத்தீனிலிருந்து வந்த 'அப்ஸ்டினேட்' என்ற சொல்லுக்கு அந்தப் பெருமை கிடையாது. அது விசாரணை மன்றங்களில் உயிரைப் பறிக்கக்கூடிய சொல்லாக இருந்தது. 'ஹெரசி' என்னும் பதிதக் குற்றத்துக்கு, 13ஆம் நூற்றாண்டில் லிங்கன் நகர ஆயராக இருந்த ராபர்ட் குரோஸ்டெஸ்டின் பெயரால் வழங்கும் இலக்கணம் ஒன்று உண்டு. வேதத்துக்கு முரணான கருத்து, மனிதர் தாமாகத் தேர்ந்துகொண்டது, வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது, பிடிவாதமாகத் தாங்கிப்பிடிக்கப்படுவது என்பவை அதன் கூறுகள். 'ஹெரசி' என்ற சொல்லின் கிரேக்க மூலத்துக்கே 'தேர்ந்தெடுத்தல்' என்றுதான் பொருள். தவறான கருத்தை வைத்திருப்பது மட்டும் ஒருவரைப் பதிதராக்காது. தவறு என்று எடுத்துச் சொன்ன பிறகும் அதை விடாமல் இருப்பதே குற்றத்தை முழுமையாக்கும். நான்காம் ஹென்றியின் ஆட்சியில் 1401இல் இயற்றப்பட்ட சட்டம், கருத்தைக் கைவிட மறுத்தவர்களையும், கைவிட்டபின் மீண்டும் அதற்குத் திரும்பியவர்களையும் தீயிலிட்டுக் கொல்ல வழிசெய்தது. ஒருவர் 'பிடிவாதமானவர்' என்று தீர்மானிக்கப்படுவதற்கு அன்று அத்தனை எடை இருந்தது.

நீதிமன்ற வாசனை உள்ள வேறு சொற்களும் உண்டு. அழைப்பாணைக்குப் பணியாத குற்றத்துக்குத் திருச்சபை நீதிமன்றங்கள் வைத்த பெயர் 'கான்டுமசி'. முதலாம் எலிசபெத்தின் காலத்தில் இங்கிலாந்துத் திருச்சபையின் ஞாயிறு வழிபாட்டுக்கு வர மறுத்த கத்தோலிக்கர்களுக்கு 'ரெகுசன்ட்' என்று பெயர். லத்தீன் மூலத்தில் 'மறுப்பவர்'. அவர்களுக்குத் தொடக்கத்தில் வாரத்துக்கு 12 பென்ஸ் அபராதம் இருந்தது. 1581இல் அது மாதத்துக்கு 20 பவுண்டாக உயர்ந்தது. அதே அரசியின் ஆட்சியில், திருச்சபை போதிய அளவு சீர்திருந்தவில்லை என்று எதிர்ப்பக்கத்திலிருந்து முரண்டுபிடித்தவர்களைப் 'பியூரிட்டன்' என்று கேலி செய்தார்கள். அந்தக் கேலிப்பெயரே பின்னாளில் வரலாற்றுப் பெயராக நிலைத்துவிட்டது.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்ற போக்குக்கென்றே பிறந்த சொல் 'மம்ப்சிமஸ்'. லத்தீன் பூசைமொழியில் 'நாங்கள் உட்கொண்டோம்' என்று பொருள்படும் 'சம்ப்சிமஸ்' என்ற சொல்லை ஒரு கிழப்பாதிரியார் ஆண்டாண்டு காலமாக 'மம்ப்சிமஸ்' என்றே படித்துவந்தாராம். பிழையை எடுத்துச் சொன்னபோது, உங்கள் புதிய சம்ப்சிமஸுக்காக என் பழைய மம்ப்சிமஸை மாற்றிக்கொள்ள மாட்டேன் என்றாராம். எராஸ்மஸ் 1516இல் எழுதிய கடிதம் ஒன்றில் இந்தக் கதை வருகிறது. மறுஆண்டு ரிச்சர்ட் பேஸ் என்ற ஆங்கில அறிஞர் தம் நூலில் இதையே ஓர் ஆங்கிலப் பாதிரியாரின் கதையாகச் சொன்னார். 1545 டிசம்பர் 24 அன்று எட்டாம் ஹென்றி பாராளுமன்றத்தில் ஆற்றிய கடைசி உரையில், சிலர் பழைய மம்ப்சிமஸில் விறைத்து நிற்கிறார்கள், சிலர் புதிய சம்ப்சிமஸில் மிதமிஞ்சி ஓடுகிறார்கள் என்று இரு தரப்பையும் கடிந்துகொண்டார். பிழை என்று தெரிந்தும் வழக்கத்தை விடாதவர், விடாமல் காக்கப்படும் பிழை என்ற இரண்டு பொருள்களிலும் அந்தச் சொல் அகராதியில் இன்றும் இருக்கிறது.

சீர்திருத்தக் காலம் தந்த இன்னொரு சொல் 'ஸ்டிஃப்-நெக்ட்'. நுகத்துக்குக் கழுத்தைக் கொடுக்காத மாட்டை வைத்து எபிரேய மொழியில் எழுந்த வழக்கு இது. பொன் கன்றுக்குட்டியை வணங்கிய இஸ்ரவேலரைப் பற்றிய யாத்திராகமப் பகுதியில் வருகிறது. 1526இல் புதிய ஏற்பாட்டையும் 1530இல் மோசேயின் ஐந்து ஆகமங்களையும் ஆங்கிலத்தில் அச்சிட்ட வில்லியம் டிண்டேல் இதை அப்படியே மொழிபெயர்த்தார். 1611இல் வந்த ஜேம்ஸ் அரசரின் பதிப்பு அதை எல்லோர் வாயிலும் ஏற்றியது. தமிழ் விவிலியத்தில் 'வணங்காக் கழுத்து' என்று வருவதும் இதே எபிரேயத் தொடர்தான். டிண்டேல் தம் கொள்கையைக் கைவிடாமல் 1536இல் பிரஸல்ஸ் அருகே கொல்லப்பட்டார். அவரை விசாரித்தவர்களின் கணக்கில் அவரே ஒரு வணங்காக் கழுத்துக்காரர்.

வெறியர்களின் வரிசை

'பிகட்' என்ற சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. 12ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் நார்மானியரை இழிவாக அழைக்க அதைப் பயன்படுத்தினார்கள். 911இல் நார்மானியத் தலைவன் ரோலோ பிரெஞ்சு அரசனின் காலை முத்தமிட மறுத்துக் கடவுள்மேல் ஆணையிட்டுப் பேசியதிலிருந்து இது வந்தது என்ற பழங்கதையை மொழியறிஞர்கள் ஏற்பதில்லை. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தபோது இச்சொல் பக்தி வேடதாரியைக் குறித்தது. அடுத்த நூற்றாண்டில், தன் மதப்பிரிவையே கண்ணை மூடிக்கொண்டு பற்றிநிற்பவர் என்ற பொருளுக்கு மாறியது. இனத்தையும் நிறத்தையும் வைத்துப் பிறரை வெறுப்பவர் என்பது 20ஆம் நூற்றாண்டில் வலுப்பெற்ற பொருள்.

'ஸெலட்' என்பது கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியின் ஆட்சியை எதிர்த்த யூதக் குழுவின் பெயர். எருசலேம் ஆலயம் 70ஆம் ஆண்டு அழிந்தது; குழுவின் பெயர் மட்டும் பிழைத்து, 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் எந்தக் கொள்கைக்காகவும் மூர்க்கமாக நிற்பவருக்கு உரியதாயிற்று. 'ஃபனாட்டிக்' என்ற சொல்லின் மூலம் கோயிலைக் குறிக்கும் லத்தீன் சொல். முதலில் அது கோயிலில் சாமி வந்து ஆடுபவரைச் சுட்டியது. 1660இல் முடியாட்சி திரும்பியபின், அரசுத் திருச்சபைக்கு வெளியே நின்ற புரட்டஸ்தாந்துப் பிரிவினரை இழித்துரைக்கும் சொல்லாக அது ஆயிற்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க பேஸ்பால் செய்தியாளர்கள் வழங்கிய 'ஃபேன்' இதன் சுருக்கமே என்பது பெரும்பாலோர் கருத்து. கோயிலில் தொடங்கிய சொல், வசையாகி, கடைசியில் சினிமா ரசிகர் மன்றம்வரை வந்து சேர்ந்துவிட்டது.

இன்று நல்ல பொருளில் வழங்கும் 'என்தூசியாசம்' என்ற சொல்லும் ஒரு காலத்தில் வசைதான். கடவுள் தன்னிடம் நேரில் பேசுகிறார் என்று நம்பி, காரணகாரியத்துக்குச் செவிகொடுக்காத நிலையை அது குறித்தது. ஜான் லாக் தம் 'மனித அறிவு பற்றிய ஆய்வு' நூலின் நான்காம் பதிப்பில், 1700இல், இதைக் கண்டித்து ஒரு தனி அத்தியாயமே சேர்த்தார். டேவிட் ஹியூம் 1741இல் மூடநம்பிக்கையோடு இதைச் சேர்த்துவைத்து ஒரு கட்டுரை எழுதினார். மதச்சண்டையின் சூடு தணிந்தபின் அதே சொல் 'உற்சாகம்' ஆகிவிட்டது.

தொழுவத்திலிருந்து வந்தவை

கால்நடைகளோடு வாழ்ந்த மக்கள் சொன்னபடி நடக்காத விலங்கின் பெயரையே மனிதருக்கும் வைத்தார்கள். 'பன்றித்தலை' என்ற வழக்கு 17ஆம் நூற்றாண்டில் தோன்றியது. கோவேறு கழுதையின் பெயரால் அமைந்த 'மியூலிஷ்' 18ஆம் நூற்றாண்டில் வந்தது. குதிரை தந்த சொற்கள் அதிகம். 'ரெஸ்டிவ்' என்பது முதலில் நின்ற இடத்தைவிட்டு நகர மறுக்கும் குதிரையைக் குறித்தது. நகர மறுக்கும் குதிரை ஓரிடத்தில் அடங்கி நிற்பதில்லை. அதனால் பொருள் தலைகீழாகி, இன்று அது நிலைகொள்ளாமல் தவிப்பவரைக் குறிக்கிறது. 'ரிகால்சிட்ரன்ட்' என்ற சொல்லின் லத்தீன் மூலத்துக்குப் பின்னங்காலால் உதைப்பது என்று பொருள். 'ஹைட்பவுண்டு' என்பது தீனியில்லாமல் மெலிந்து தோல் விலாவோடு ஒட்டிப்போன மாட்டின் நோய். 1644இல் நூல் தணிக்கையை எதிர்த்து 'ஏரியோபாஜிட்டிக்கா' எழுதிய மில்டன், தணிக்கை அதிகாரியின் குறுகிய மனத்துக்கு இந்த நோயின் பெயரைச் சூட்டினார். பழைய வழக்கத்தைத் தாண்டி யோசிக்கத் தெரியாத அதிகாரிக்கு அச்சொல் இன்றும் பொருந்துகிறது.

இந்த வரிசையில் நாய்க்கு மட்டும் விதி வேறாக இருந்தது. 'டாகட்' என்ற சொல் இடைக்காலத்தில் நாயைப்போலச் சிடுசிடுப்பவரைக் குறித்தது. 18ஆம் நூற்றாண்டில் அது விடாமுயற்சியைப் பாராட்டும் சொல்லாயிற்று. யாரும் எந்த நேரத்திலும் எழுதலாம், இந்தக் குணத்தோடு உட்கார்ந்தால் போதும் என்று சாமுவேல் ஜான்சன் சொன்னதை பாஸ்வெல் பதிவு செய்திருக்கிறார். காளையின் மூக்கைக் கவ்வினால் விடாத புல்டாக், அந்தக் காளைச்சண்டையை 1835இல் சட்டம் தடைசெய்தபின் ஆங்கிலேயர் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட தேசிய அடையாளமாயிற்று. பரிணாமக் கொள்கைக்காக வாதாடிய தாமஸ் ஹக்ஸ்லி 'டார்வினின் புல்டாக்' என்று பெயர்பெற்றார். விட்டுக்கொடுக்காத எதிரிக்குக் கோவேறு கழுதை. அதே குணமுள்ள தன்னவருக்குப் புல்டாக்.

வீட்டுக்குள்ளும் இந்தப் பாகுபாடு இருந்தது. மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1646இல் இயற்றப்பட்ட சட்டம், பெற்றோருக்கு அடங்காத பிடிவாதக்கார மகனுக்கு மரணதண்டனை விதிக்க இடம்கொடுத்தது. உபாகமத்தில் உள்ள விதியைத் தழுவிய சட்டம் அது. அதன்படி யாரும் தூக்கிலிடப்பட்டதாகத் தெரியவில்லை. ஆனால் தண்டனை குறைந்து குறைந்து, 'ஸ்டப்பர்ன் சைல்டு' என்ற குற்றவகை 1973 வரை அந்த மாநிலச் சட்டத்தில் இருந்தது. பெண்களைப் பொறுத்தவரை, 'ஹெட்ஸ்ட்ராங்' என்ற சொல் தன் திருமணத்தைத் தானே முடிவுசெய்யும் பெண்மேல் எளிதில் விழுந்தது. ஜேன் ஆஸ்டனின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் சீமாட்டி கேதரின் எலிசபெத் பென்னட்டைத் திட்ட எடுக்கும் சொற்களில் அதுவும் ஒன்று. வாசகரின் பரிவு திட்டுகிறவர்மேல் இல்லை, திட்டு வாங்குகிறவள்மேல்தான் என்பது 1813இல் வந்த அந்த நாவலின் வெற்றி.

கருத்துச் சொல்வோர்

கருத்திலேயே பிடிவாதம் காட்டுபவருக்குத் தனிச் சொற்கள் தேவைப்பட்டன. 'டாக்மா' என்ற கிரேக்கச் சொல்லின் வேர் 'தோன்றுதல்' என்ற பொருளுடையது. ஒருவருக்குச் சரி என்று தோன்றியதே டாக்மா. எதையும் உறுதியாக அறிய முடியாது என்ற ஐயவாதத் தத்துவவாதிகள், உண்மை தமக்குத் தெரியும் என்றவர்களை 'டாக்மாட்டிக்' என்று அழைத்தார்கள். 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் பிரெஞ்சு 'ஒப்பினியாத்ர்' என்ற சொல்லையும் பல வடிவங்களில் பயன்படுத்திப் பார்த்தார்கள். ஜான்சன் தம் 1755 அகராதியில் அதைப் பதிவு செய்துவிட்டு, இது இன்னும் ஏற்கப்படவில்லை, தேவையும் இல்லை என்று குறிப்பு எழுதினார். அது மறைந்தது; அதன் உறவான 'ஒப்பினியனேட்டட்' தங்கிவிட்டது.

தனக்குத் தெரியாத துறையில் தீர்ப்புச் சொல்பவருக்கு வில்லியம் ஹாஸ்லிட் 1819இல் 'அல்ட்ராகிரெபிடேரியன்' என்ற நீளமான பெயரைச் சூட்டினார். பிளினி சொல்லும் கதையில், ஓவியர் அப்பெல்லிஸ் வரைந்த செருப்பில் செருப்புத் தைப்பவர் ஒருவர் பிழை கண்டுபிடிக்கிறார்; ஓவியர் திருத்திக்கொள்கிறார். மறுநாள் அவர் ஓவியத்தில் உள்ள காலையும் குறைசொல்லத் தொடங்க, செருப்புக்கு மேலே போகவேண்டாம் என்கிறார் ஓவியர். ஹாஸ்லிட்டின் இலக்கு 'குவார்ட்டர்லி ரெவ்யூ' ஆசிரியர் வில்லியம் கிஃபர்டு. கிஃபர்டு இளமையில் செருப்புத் தைக்கும் தொழிலாளியிடம் வேலை பழகியவர் என்பதால் அந்தச் சொல்லில் சாதுரியத்தோடு நஞ்சும் கலந்திருந்தது.

இந்தியாவிலிருந்து போன சொல்லும் ஒன்று உண்டு. வாரன் ஹேஸ்டிங்ஸின் 1772ஆம் ஆண்டுத் திட்டப்படி, கம்பெனி நீதிமன்றங்களில் இந்து தர்மசாத்திரத்துக்கு விளக்கம் சொல்லப் பண்டிதர்கள் அமர்த்தப்பட்டார்கள். 1864இல் அந்தப் பதவி நீக்கப்பட்டது. ஆங்கிலத்தில் 'பண்டிட்' முதலில் கற்றவரையும், பிறகு கேலியாக எல்லாம் தெரிந்தவராகக் காட்டிக்கொள்பவரையும் குறித்தது. இன்று தொலைக்காட்சியில் தேர்தல் முடிவையும் கிரிக்கெட் ஆட்டத்தையும் அலசும் கருத்தாளருக்கு அதுவே வழக்கமான பெயர்.

பாராளுமன்றமும் போர்க்களமும்

19ஆம் நூற்றாண்டில் மதத்தின் இடத்தை அரசியல் பிடித்துக்கொண்டது. நெப்போலியன் வீழ்ந்தபின் பிரான்ஸில் ருவாயே-கொலார், கிஸோ ஆகியோரைச் சுற்றி அமைந்த சிறு அணிக்கு 'டாக்ட்ரினேர்' என்று பெயர். நடைமுறையைப் பாராமல் கோட்பாட்டையே கட்டி அழுபவர் என்ற பொருளில் அது ஆங்கிலத்துக்கு வந்தது. 1870களில் ஸ்பெயினின் தீவிரக் குடியரசுவாதிகளிடமிருந்து, விட்டுக்கொடுக்காதவர் என்று பொருள்படும் 'இன்ட்ரான்சிஜென்ட்' வந்தது. நெப்போலியன்மேல் மாறாத பற்றுக்கொண்ட நிக்கோலா ஷோவான் என்ற சிப்பாய் 1831இல் பாரிஸ் மேடையில் நகைப்புக்குரிய பாத்திரமானார். குருட்டுத் தேசப்பற்றைக் குறிக்கும் 'ஷோவினிசம்' அவர் பெயரில் பிறந்தது. அப்படி ஒருவர் உண்மையில் வாழ்ந்தாரா என்பதற்கு உறுதியான சான்று கிடையாது.

'டைஹார்டு' என்ற சொல்லுக்குப் பிறந்த நாளே உண்டு. 1811 மே 16 அன்று ஸ்பெயினின் அல்புவேரா களத்தில் காயமுற்று விழுந்த கர்னல் வில்லியம் இங்கிலிஸ், எளிதில் சாகாதீர்கள் என்று தம் 57ஆவது படைப்பிரிவை நோக்கிக் கூவியதாக மரபு. அப்பிரிவின் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டவர்கள் அன்று வீழ்ந்தார்கள். 'டைஹார்ட்ஸ்' அதன் விருதுப்பெயராயிற்று. நூறு ஆண்டு கழித்து, பிரபுக்கள் சபையின் தடையதிகாரத்தைப் பறிக்கும் மசோதாவைக் கடைசிவரை எதிர்ப்போம் என்று 87 வயது ஹால்ஸ்பரி பிரபுவின் தலைமையில் நின்றவர்களுக்கு அந்தப் பெயர் மாறியது. 1911 ஆகஸ்ட் 10 அன்று 131க்கு 114 என்ற வாக்கில் அவர்கள் தோற்றார்கள். 1930களில் இந்தியாவுக்குக் கூடுதல் தன்னாட்சி தரும் சட்டத்தை எதிர்த்த சர்ச்சில் உள்ளிட்ட கன்சர்வேட்டிவ் உறுப்பினர்களும் 'டைஹார்ட்ஸ்' எனப்பட்டார்கள். சட்டம் 1935இல் நிறைவேறியது. வீரத்துக்கு வைத்த பெயர் காலத்தோடு ஒத்துப்போகாதவரின் பெயராக மாற ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

'லட்டைட்' என்ற சொல்லின் பயணம் இதைவிடக் கோணலானது. 1811இல் நாட்டிங்ஹாம் பகுதியில் பின்னல் தறிகளை உடைத்த தொழிலாளர்கள், நெட் லட் என்ற கற்பனைத் தலைவரின் பெயரில் இயங்கினார்கள். கூலிக்குறைப்பும் தொழில் பழகாதவர்களை வைத்து மட்டமான சரக்குச் செய்வதுமே அவர்கள் குறை. எந்திரம் என்பதாலேயே அதை வெறுத்தவர்கள் அல்லர். 1812இல் தறி உடைப்பதற்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. 20ஆம் நூற்றாண்டில் சி. பி. ஸ்னோ போன்றோர் புதிய தொழில்நுட்பத்தை ஏற்காதவர்களுக்கெல்லாம் அந்தப் பெயரைச் சூட்டினார்கள். கோரிக்கை மறந்துபோய், முரண்டு மட்டும் நினைவில் நின்றது.

கேலிச்சித்திரமும் உளவியலும்

நியூஸிலாந்தில் பிறந்த டேவிட் லோ 1934இல் லண்டன் 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' நாளிதழில் கர்னல் பிளிம்ப் என்ற பாத்திரத்தைப் படைத்தார். வழுக்கைத் தலை, தொங்குமீசை, நீராவிக் குளியலறையில் இடுப்பில் துண்டு. முன்னுக்குப் பின் முரணானதை அசைக்க முடியாத உறுதியோடு சொல்வார். குதிரைப்படை டாங்கிக்கு மாறினாலும் குதிமுள்ளைக் கழற்றக்கூடாது என்று ஒரு கர்னல் பத்திரிகைக்கு எழுதிய கடிதம் இந்தப் பாத்திரத்துக்குத் தூண்டுதல் என்று லோ சொல்லியிருக்கிறார். 'பிளிம்பிஷ்' என்ற சொல் விரைவில் பரவியது. 1943இல் பவலும் பிரஸ்பர்கரும் இந்தப் பெயரில் எடுத்த திரைப்படத்தைச் சர்ச்சில் தடுக்க முயன்றும் படம் வெளிவந்தது.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பிடிவாதம் ஆய்வுப்பொருளாயிற்று. அடோர்னோ குழுவினர் 1950இல் வெளியிட்ட 'அதிகார மனப்பான்மை' ஆய்வு, பாசிசத்துக்கு இணங்கும் மனத்தை வினாத்தாளால் அளக்க முயன்றது. 1960இல் மில்டன் ரோகீச், மூடிய மனம் வலதுசாரிக்கு மட்டும் உரியதன்று, எந்தக் கொள்கைக்காரரிடமும் இருக்கலாம் என்று வாதிட்டு, அதை அளக்கத் தனி அளவுகோல் அமைத்தார். வசைச்சொல்லாக இருந்தது அளவிடும் சொல்லாயிற்று. ஆனாலும் வசையின் கூர் மழுங்கவில்லை. 2010 தேர்தல் பிரசாரத்தில், குடியேற்றம் பற்றிக் கேள்வி கேட்ட ஒரு மூதாட்டியைக் காருக்குள் போனபின் 'பிகட்' வகைச் சொல்லால் பிரதமர் கார்டன் பிரௌன் குறிப்பிட்டார். அணைக்கப்படாத ஒலிவாங்கியில் அது பதிவாகிவிட, அன்றே பிரதமர் அந்த மூதாட்டியின் வீடு தேடிப்போய் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

இந்தச் சொற்கள் பொருளோடு தீர்ப்பையும் சுமக்கின்றன என்பதை ஜெரமி பெந்தம் 1817இலேயே வகுத்துக் காட்டினார். ஒரே மனநிலைக்குப் புகழும் சொல், பழிக்கும் சொல், நடுநிலைச் சொல் என மூன்று வகை உண்டு என்று அவர் பட்டியல் போட்டார். பெர்ட்ரண்ட் ரஸல் 1948இல் பிபிசி வானொலியில் அதையே ஓர் இலக்கண வாய்பாடாக்கினார்: தன்மையில் உறுதி, முன்னிலையில் பிடிவாதம், படர்க்கையில் பன்றித்தலை முட்டாள்தனம். குரோஸ்டெஸ்ட் காலம் முதல் பிரௌன் காலம் வரை இந்தச் சொற்கள் பெரும்பாலும் அந்த வாய்பாட்டின்படியே வழங்கிவந்திருக்கின்றன. டைஹார்டு, பியூரிட்டன் போல ஒருசிலவற்றை மட்டுமே உரியவர்கள் தாமே ஏற்றுக்கொண்டார்கள்; மற்றவை எதிராளி வைத்த பெயர்களாகவே நிற்கின்றன. ஆகவே இச்சொற்களில் ஒன்றைப் பழைய ஆவணத்திலோ இன்றைய செய்தியிலோ காணும்போது, அது யாரைக் குறிக்கிறது என்பதோடு யார் வாயிலிருந்து வருகிறது என்பதையும் பார்த்தால்தான் பொருள் முழுமையாகும்.